எட்டுப் பக்கத் தீர்ப்பு!

கொலை நடந்தது நள்ளிரவில். விடிந்ததும் காவலர் வந்தனர். பிணம் மருத்துவச் சோதனைக்குப் போயிற்று. சாட்சி எவரும் இன்னும் கூண்டேறவில்லை. குற்றம் சாட்டப்பட்டவன் தனக்கென ஒரு வழக்கறிஞரைக்கூடத் தேடிக் கொள்ளவில்லை. நீதிபதி அந்த வழக்கின் பெயரையே கேட்டறியார். ஆனால் தீர்ப்போ வந்துவிட்டது! சந்தை மேட்டிலே வந்துவிட்டது. பேருந்து நிலையத்திலே வந்துவிட்டது. இரயில் பெட்டியிலே கஞ்சிரா ஒலியோடு பாட்டாகவே வந்துவிட்டது. பக்கம் எட்டு, விலை ஓரணா!

கொலைச் சிந்து என்பது அந்தத் தீர்ப்புக்குப் பெயர்.

இன்றைய இளைஞரிற் பலர் அதைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார்கள். பாட்டனையோ பாட்டியையோ கேட்டால் சொல்லுவார்கள். 1835ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியரும் தடையின்றி அச்சகம் நடத்த வழிவிட்டது. அதன் பின்னர்ச் சென்னையிலே சிறு அச்சகங்கள் பெருகின. பூங்கா நகரையொட்டிய குஜிலிக் கடைத்தெருவிலிருந்து மலிவு வெளியீடுகள் மூட்டை மூட்டையாக ஊர்களுக்குப் போயின. சிறுமணவூர் முனிசாமி முதலியார் போன்றோர் எழுதிக் குவித்தனர். மட்டமான தாள், தேய்ந்த எழுத்து, அட்டையிலே ஒரு மரக்கட்டைப் படம், அவ்வளவுதான் முதலீடு. புயலடித்தால் ஒரு சிந்து; வெள்ளம் வந்தால் ஒரு சிந்து; இரயில் கவிழ்ந்தால் ஒரு சிந்து. எல்லாவற்றையும்விட விறுவிறுப்பாக விற்றது கொலைச் சிந்து! பிற்காலத்தில் திரைப்பட மெட்டுகளும் அதற்குள் புகுந்தன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் நெடுங்காலம் அந்தக் குரல் நம் சந்தைகளிலே கேட்டுக் கொண்டுதான் இருந்தது.

பண்டிதர் உலகம் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சந்தி பிழை என்றது. யாப்புக் குற்றம் என்றது. முச்சந்திக் குப்பை என்றது. அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து கொள்ள நாம் வரவில்லை. கொலைச் சிந்து ஏழையின் செய்தித்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவன் காதால் படித்த ஏடு அது. தலைநகர்ச் செய்தியை, தாலுகாக் கச்சேரி வாசலையே மிதித்தறியாத உழவனிடம் கொண்டு சேர்த்தது அது. பாடி விற்றவர்களும் பணக்காரர்களல்லர், அன்றாடங் காய்ச்சிகள். ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி அந்த வெளியீடுகளைத் தேடித் திரட்டி, ‘முச்சந்தி இலக்கியம்’ என்று பெயரிட்டே ஆராய்ந்திருக்கிறார். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் இத்தகைய மலிவு அச்சுகள் காக்கப்படுகின்றன. காக்கப்பட வேண்டியவைதாம். மக்கள் என்ன பாடினார்கள், என்ன நம்பினார்கள் என்பதற்கு அவை சான்று.

தாள் மட்டமாக இருந்தது நமக்குக் குறையல்ல. அந்தத் தாளில் ஏறிய கருத்துத்தான் குறை. அந்தக் கருத்து, தாள் மக்கிப் போன பின்னும் மக்காமல் இருக்கிறதே, அதுதான் நம்மை எழுத வைக்கிறது.

சிந்தின் அமைப்பைப் பாருங்கள்! தொடக்கத்திலே விநாயகருக்கோ கலைமகளுக்கோ காப்பு. கழுத்தறுத்த கதையைத் தடையின்றிச் சொல்லி முடிக்கக் கடவுள் துணையாம்! அடுத்து ஊர் வருணனை. அதற்கடுத்து ஒரு பெண். அவள் அழகு, அவள் சிரிப்பு, அவள் ஆசை. பிறகு, ‘விதி’ வருகிறது. விதி வந்துவிட்டால் வேறெவரும் வரவேண்டியதில்லை. அரிவாள் எந்தக் கடையில் வாங்கப்பட்டது என்பது தேவையில்லை. நிலத்தகராறு எத்தனை ஆண்டு நடந்தது என்பது தேவையில்லை. காவல் நிலையத்திலே முன்பே கொடுத்த புகார் என்ன ஆயிற்று என்பது தேவையில்லை. தலையெழுத்து! அது ஒன்றே போதும். இறுதியில் ஓர் அறவுரை: பெண்களே, எச்சரிக்கை! கொன்றவன் ஆண், செத்தவள் பெண், அறவுரையோ செத்தவள் இனத்துக்கு! இதைவிடக் கொடிய வேடிக்கை உலகிலே உண்டா?

இது தமிழ்நாட்டுக்கு மட்டுமே உரிய நோயன்று. நாகரிகத்தின் தொட்டில் எனத் தன்னைத்தானே மெச்சிக் கொண்ட இங்கிலாந்தைப் பாருங்கள். 1827இல் போல்ஸ்டெட் என்னும் சிற்றூரிலே மரியா மார்ட்டின் என்ற ஏழைப் பெண்ணை அவள் காதலன் வில்லியம் கார்டர் கொன்று, ஒரு களஞ்சியத்திலே புதைத்தான். 1828 ஆகஸ்டு 11ஆம் நாள் அவன் தூக்கிலிடப்பட்டான். அவனுடைய இறுதி வாக்குமூலம் என்று அச்சடித்த ஒற்றைத் தாள் 11 இலட்சத்து 66 ஆயிரம் படிகள் விற்றதாக, இலண்டன் ஏழை மக்களின் வாழ்வை ஆராய்ந்து எழுதிய ஹென்றி மேஹ்யூ கணக்குத் தருகிறார். அத்தகைய ‘இறுதி வாக்குமூலங்கள்’ பல, குற்றவாளி தூக்குமேடை ஏறுமுன்பே அச்சேறி, மேடையைச் சுற்றி நின்ற கூட்டத்திலே கூவி விற்கப்பட்டன. அவன் வாயைத் திறப்பதற்குள் அவன் வாக்குமூலம் விலைக்கு வந்துவிட்டது!

மரியா மார்ட்டின் கதையிலே மக்கள் எதை விரும்பிக் கேட்டார்கள், தெரியுமா? அவளுடைய மாற்றாந்தாய் கனவு கண்டாளாம். புதைத்த இடம் கனவிலே தெரிந்ததாம்! மணம் செய்து கொள்வதாக நம்பவைத்துக் கைவிடும் ஆண்களின் துணிச்சலைப் பற்றி யாரும் பாடவில்லை. திருமணமின்றித் தாயான ஏழைப் பெண்ணுக்கு அந்த நாடு என்ன பாதுகாப்பு வைத்திருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கனவைப் பாடினார்கள். நம் நாட்டிலே கனவோடு நிற்பதில்லை, கோயிலே கட்டிவிடுகிறோம். உயிரோடு இருந்தபோது காக்க ஆளில்லாத பெண், கொலையுண்டு செத்த பின் அம்மனாகிறாள், பொங்கல் பெறுகிறாள், பலி பெறுகிறாள். அவளுக்குக் கிடைக்காத ஒன்றே ஒன்று நீதி!

அச்சிலே ஏறிய அவதூறு எந்த அளவுக்குப் போகும் என்பதற்குச் சென்னை நகரமே சான்று தருகிறது. ‘சினிமா தூது’, ‘இந்துநேசன்’ என்ற ஏடுகளை நடத்தியவர் லட்சுமிகாந்தன். நடிகர், நடிகையர் படுக்கையறைகளைப் பற்றி எழுதுவதே அவருடைய பத்திரிகைத் தொழில். 1944 நவம்பரில் வேப்பேரியிலே அவர் கத்தியாற் குத்தப்பட்டார், மறுநாள் இறந்தார். எம். கே. தியாகராஜ பாகவதரும், கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945இல் ஆயுள் தண்டனை. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று திரும்பியது. 1947 ஏப்ரலிலே சென்னை உயர்நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது.

எண்ணிப் பாருங்கள்! பிறர் வாழ்வைக் கூறுபோட்டு விற்ற ஏடு. அதை வாங்கிச் சுவைத்த ஊர். அந்த ஊரே பின்னர் அந்தக் கொலையையும் சுவைத்தது. குற்றவாளிக் கூண்டில் நின்ற கலைஞர்களையும் சுவைத்தது. விடுதலையான பிறகும் பாகவதர் இழந்த இடத்தை மீண்டும் பிடிக்க முடியவில்லை. சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்த கலைவாணரின் வாழ்விலே இரண்டரை ஆண்டு பறிபோயிற்று. லட்சுமிகாந்தனைக் கொன்றவர் யார் என்பது முடிவாகாமலே போயிற்று. உண்மை வெளிவரவில்லை, தாள்கள் மட்டும் விற்றுத் தீர்ந்தன!

அந்தக் காலம் போயிற்றே, இப்போது ஏன் இந்தக் கதை என்று கேட்பார் உண்டு. போயிற்றா?

வேலூரிலிருந்து ஆம்பூர் செல்லும் நெடுஞ்சாலையிலே, பாலாற்றின் கரையிலே இருக்கிறது மாதனூர். ஒன்றியத்தின் தலைமை ஊர். 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. சுற்று வட்டாரச் சிற்றூர்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் செருப்பு ஆலைகளுக்கு நாள்தோறும் வேலைக்குப் போகிறார்கள். உலகச் சந்தைக்குப் போகும் காலணியிலே அவர்கள் கைத்தையல் இருக்கிறது. அவர்கள் ஆலை வண்டிக்குக் காத்து நிற்கும் இடத்திலே, தேநீர்க்கடை வாசலிலே, செய்தித்தாளின் சுவரொட்டி தொங்குகிறது. அதிலே பெரிய எழுத்தில் ஒரு சொல்: ‘கள்ளக்காதல்’. கடைக்குள்ளே கைப்பேசியிலே ஒருவன் குரலை ஏற்றி இறக்கி, பின்னணி இசையோடு, நேற்று நடந்த கொலையைச் ‘சம்பவம்’ ஆக்கிக் கூறுகிறான். கஞ்சிரா போயிற்று, யூடியூப் வந்திருக்கிறது. மரக்கட்டைப் படம் போயிற்று, செத்தவள் மணக்கோலத்திலே எடுத்த நிழற்படம் வந்திருக்கிறது. ஓரணாவும் போயிற்று; இப்போது விளம்பரக்காரன் கொடுக்கிறான். சிந்து சாகவில்லை, தோழர்களே! சட்டை மாற்றிக் கொண்டிருக்கிறது.

புதிய சிந்துக்கென ஓர் அகராதியே இருக்கிறது. அதில் நான்கு சொற்களை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

முதற்சொல், கள்ளக்காதல். மனைவியைக் கணவனின் உடைமையாகக் கருதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை, 2018 செப்டம்பர் 27இல் உச்சநீதிமன்றம் செல்லாது என்று தூக்கியெறிந்தது. பெண் எவனுடைய சொத்துமல்லள் என்று நாட்டின் உயர்ந்த மன்றம் சொல்லிவிட்டது. தலைப்பு எழுதுவோர் காதிலே அது விழவில்லை. வெட்டுண்டு கிடக்கும் பெண்ணின் பெயருக்கு முன்னே இந்தச் சொல்லைப் போட்டுவிட்டால், படிப்பவன் மனத்திலே பாதிக் குற்றம் செத்தவள் தலைக்கு மாறிவிடுகிறது. கொன்றவன் ‘ஆத்திரப்பட்டான்’, அவ்வளவுதான்!

இரண்டாம் சொல், குடும்பத் தகராறு. வரதட்சணைத் தடைச்சட்டம் வந்தது 1961இல். திருமணமாகி ஏழாண்டுக்குள் ஒரு பெண் இயற்கைக்கு மாறாக இறந்து, அதற்குச் சற்று முன் வரதட்சணைக் கொடுமை நடந்திருந்தால், அதைத் தனிக்குற்றமாக்கும் 304பி பிரிவு வந்தது 1986இல். இன்றைய நியாய சன்ஹிதாவிலே அது 80ஆம் பிரிவு. சட்டம் இவ்வளவு தெளிவாகப் பெயர் சூட்டிய பின்னும், செய்தியிலே அது ‘தகராறு’! முன்பெல்லாம் அடுப்பு வெடித்தது என்றார்கள். மாமியாரைச் சுடாமல், நாத்தனாரைச் சுடாமல், புது மருமகளை மட்டுமே தேடிப் பிடித்துச் சுட்ட அந்த அடுப்பின் அறிவே அறிவு!

மூன்றாம் சொல், காதல் விவகாரம். 2016 மார்ச் 13ஆம் நாள், உடுமலைப்பேட்டையிலே, பட்டப்பகலிலே, பேருந்து நிலையத்துக்கு அருகிலே, தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு பொறியியல் மாணவர் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி கடந்து அவரை மணந்த மனைவியும் வெட்டுண்டு உயிர் தப்பினார். கண்காணிப்புக் கருவியிலே பதிவான அந்தக் காட்சி கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிற்று. எத்தனை பேர் பதைத்துப் பார்த்தார்கள், எத்தனை பேர் சுவைத்துப் பார்த்தார்கள்! அங்கே நடந்தது காதல் விவகாரமா, சாதி விவகாரமா? காதல் அங்கே கொல்லவில்லை. காதல் அங்கே கொல்லப்பட்டது. உயிர் தப்பிய அந்தப் பெண் தன்னைப் பெற்றவர்களுக்கு எதிராகவே வழக்கு மன்றத்தில் சாட்சி சொன்னார். கொலைச் சிந்தின் எட்டுப் பக்கத்திலே அப்படிப்பட்ட பெண்ணுக்கு இடமே கிடையாது. அங்கே பெண் என்றால் இரண்டே வகை: பத்தினி, இல்லையேல் பரத்தை. நீதி கேட்டு நிமிர்ந்து நிற்கும் பெண்ணைப் பாட அந்த மெட்டிலே சொல்லில்லை.

நான்காம் சொல், மானம். குடும்ப மானம், குல மானம், ஊர் மானம். பெற்ற மகளைக் கொன்றவனும் மானத்தின் பேரால் கொன்றானாம். மனிதனை மனிதனாக நிமிர்த்தும் தன்மானம் எங்கே, மகளின் கழுத்தை நெரிக்கும் இந்தச் சாதி மானம் எங்கே! ஒரே சொல் இரண்டுக்கும் பயன்படுவது தமிழின் குற்றமன்று. சொல்லைத் திருடியவர்களின் குற்றம்.

இந்த அகராதி எவ்வளவு கேடு செய்யும் என்பதை இந்த வட்டாரம் பட்டறிந்திருக்கிறது. மாதனூருக்கு ஒரு புறம் பள்ளிகொண்டா, மறுபுறம் ஆம்பூர். 2015 ஜூனிலே, பள்ளிகொண்டாப் பகுதியிலே ஒரு பெண் காணாமற் போனார் என்ற புகாரின் பேரில், ஆம்பூர் இளைஞர் ஒருவர் காவல் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். சில நாள் கழித்துச் சென்னை மருத்துவமனையில் உயிரிழந்தார். காவலர் தாக்கியதாலேயே இறந்தார் என்று உறவினர் குற்றம் சாட்டினர். ஜூன் 27 இரவு ஆம்பூர் பற்றி எரிந்தது. காணாமற்போன பெண் மறு மாதமே சென்னையில் உயிரோடு இருக்கக் கண்டறியப்பட்டார்.

நாடு கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: விசாரணைக்கென்று போன மனிதன் ஏன் உயிரோடு வீடு திரும்பவில்லை? கேட்கப்பட்டதோ வேறு கேள்வி: அந்தப் பெண் யாரோடு போனாள்? குற்றம் எதுவும் சாட்டப்படாத ஒருத்தியின் முகமும் முகவரியும் குடும்பமும் ஊர் ஊராகச் சுற்றின. அவருடைய மதமும் அந்த இளைஞருடைய மதமும் தராசுத் தட்டிலே வைக்கப்பட்டன. பழைய சிந்து ஒரு பெண்ணைக் கெடுத்தது. புதிய சிந்து இரண்டு சமுதாயங்களை மோதவிடும் ஆற்றலையும் பெற்றிருக்கிறது. அண்டை அயலாய், ஆலையிலே ஒரே மேசையில் அமர்ந்து தோல் தைத்து வாழும் மக்களுக்கிடையே அந்தத் தீயை வைப்பவன் வெறும் பொழுதுபோக்குக்காரனா?

இனி, சிந்து பாடாத சாவுகளைப் பார்ப்போம். ஒருவன் எதைப் பாடுகிறான் என்பதைவிட, எதைப் பாட மறுக்கிறான் என்பதிலே அவன் யார் என்பது தெரியும்.

2015 ஜனவரி 31, விடியுமுன். இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்திலே, தோல் ஆலைக் கழிவுச் சேற்றைத் தேக்கியிருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. அடுத்திருந்த ஆலையிலே உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் அந்தச் சேற்றிலே மூழ்கி மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இதிலே கள்ளக்காதல் இல்லை. கத்தி இல்லை. அழகி இல்லை. ஆகவே சுவைக்கும் கூட்டத்துக்கு இதிலே ‘கதை’யும் இல்லை! ஒரு கொலைக்கு ஓராண்டு கதை சொல்வோர் இந்தப் பத்துச் சாவுக்கு எத்தனை நாள் கொடுத்தார்கள்?

தோல் பதனிடும் ஊர்களிலே கழிவுத் தொட்டிக்குள் இறங்கியவர் ஏறி வராத செய்தியை நாம் கேட்டுக் கொண்டேயிருக்கிறோம். காப்பாற்ற இறங்கிய இரண்டாமவரும் சாகிறார்; மூன்றாமவரும் சாகிறார். ‘விதி’ என்கிறார்கள். விதியா? தோலிலிருந்து மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவு நீர், அமிலம் கலந்த வேறு கழிவு நீரோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுக்காற்று எழும். சிறிதளவிலே அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு மிகுந்தால் மோப்ப உணர்வையே செயலறச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று எண்ணும்போதே மூச்சும் போய்விடும். எமனுடைய பாசக்கயிறு அங்கே இல்லை, வேதியியல் இருக்கிறது. காற்றை அளந்தறியும் கருவி வாங்காத கஞ்சத்தனம் இருக்கிறது. மனிதனை இறக்காமல் இயந்திரத்தால் தூர்வார மனமில்லாத ஆணவம் இருக்கிறது. மனிதனைக் கழிவுக் குழியில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடைச் சாவுக்கு 30 இலட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டிருக்கிறது. இவற்றைத் தெரிந்த தொழிலாளி எத்தனை பேர்? எங்கோ ஓர் ஊரிலே எவளோ எவனையோ கொன்ற கதையின் ஒவ்வொரு துளியும் தெரிந்தவர் எத்தனை பேர்? இந்த இரண்டு எண்ணுக்கும் இடையிலே கிடக்கிறது நம் நாட்டின் இருட்டு!

பாலாற்றையே எடுத்துக் கொள்ளுங்கள். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கிலே 1996 ஆகஸ்டு 28இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலைப் பகுதியிலே ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாததாகிவிட்டது என்ற ஆய்வுக் கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. மாசுபடுத்தியவனே ஈடு செய்யவேண்டும் என்ற நெறியை அந்தத் தீர்ப்பு இந்தியாவுக்கே நிலைநாட்டியது. 2025 ஜனவரியிலே அதே பாலாற்றுக்காக, அதே மன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. இடையிலே கழிந்தது 28 ஆண்டுக்கு மேல்! ஓர் ஆறு அணு அணுவாகக் கொல்லப்பட்ட கதைக்கு இந்த நாட்டிலே சிந்து பாட ஆளில்லை. பாடினால் கொலையாளியின் பெயரைச் சொல்லவேண்டுமே! ஏழைக் கொலைகாரனைப் பாடினால் எட்டுப் பக்கமும் விற்கும். பணக்காரக் கொலைகாரனைப் பாடினால் வழக்கறிஞர் அறிவிப்பு வரும்.

பணக்காரன் கை கொலை செய்யாது என்று நம்பும் பழக்கம் சந்தைக்கு மட்டும் சொந்தமா? 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியிலே 44 உயிர்கள் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டன. கூலி உயர்வு கேட்டதே அந்த உழவர் செய்த குற்றம். மேல்முறையீட்டிலே உயர்நீதிமன்றம், நிலமும் பணமும் படைத்த மிராசுதார்கள் தாமே நேரில் நடந்து சென்று தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப இயலவில்லை என்ற கருத்துப்பட எழுதி அவர்களை விடுவித்தது. ஏழை கொல்லுவான், பெண் கொல்லத் தூண்டுவாள், பெரிய மனிதர் மட்டும் கொல்லவே மாட்டார்! சந்தையிலே கஞ்சிரா தட்டிச் சொன்னதும், மன்றத்திலே சட்டப் புத்தகம் விரித்துச் சொன்னதும் ஒன்றாகிவிட்டதே!

‘அப்படியானால் தடை செய்யுங்கள்!’ என்று பாய்ந்து வருவார் சிலர். வேண்டாம், அந்தக் கத்தியை ஆட்சியின் கையிலே கொடுக்க நாம் ஒப்பமாட்டோம். இன்று கொலைக்கதைக்கு விழும் பூட்டு, நாளை காவல் நிலையச் சாவை எழுதும் ஏட்டுக்கும் விழும். ஆட்டோ சங்கர் என்ற தூக்குத் தண்டனைக் கைதியின் தன்வரலாற்றை ‘நக்கீரன்’ வெளியிட முனைந்தபோது, ஆட்சியாளர் தடுக்கப் பார்த்தனர். அந்த வரலாற்றிலே உயர் அலுவலர்கள் பெயரும் வந்ததால் வந்த அச்சம் அது. 1994 அக்டோபரிலே உச்சநீதிமன்றம், வெளியாகுமுன்பே தடுக்க அரசுக்கு உரிமையில்லை என்றது. அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: தனிமனிதனின் அந்தரங்கம் அவனுக்கே உரியது, பாலியல் வன்முறைக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்ணின் பெயரைப் பதிவேட்டில் இருக்கிறது என்பதற்காக ஊரறிய வெளியிடலாகாது. அதிகாரத்தைப் பற்றி எழுத உரிமை. அடிபட்டவளைக் காட்டி விற்க உரிமையில்லை. இதுதான் நாம் கேட்கும் எல்லைக்கோடு.

‘மக்கள் கேட்கிறார்கள், கொடுக்கிறோம்’ என்பார் விற்போர். கள்ளுக்கடைக்காரனும் அதைத்தான் சொன்னான். தாயத்து விற்பவனும் அதைத்தான் சொல்லுகிறான். ‘படிப்பினைக்காகச் சொல்கிறோம்’ என்பார் வேறு சிலர். நூறாண்டுக்கு மேலாகப் படிப்பினை சொல்லியாயிற்றே. கற்றுக் கொண்ட மாணவன் ஒருவனையாவது காட்டமுடியுமா? கைதான செய்தி முதற்பக்கத்திலே; அதே மனிதன் குற்றமற்றவன் என விடுதலையான செய்தி உள்பக்கத்து மூலையிலே, அதுவும் இடமிருந்தால்! இதுவா படிப்பினை?

இளைஞர்களே! உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை ஒரு கொலைச்செய்தி உங்கள் கைக்கு வரும்போது, ஐந்து கேள்வி கேளுங்கள். செத்தவர் யாரென்பதை அவர் நடத்தையை விட்டுவிட்டு அவர் உழைப்பாலும் வாழ்வாலும் சொல்லியிருக்கிறதா? அந்தச் சாவினால் நிலமோ, நகையோ, சாதிப் பெருமையோ ஆதாயமாகப் பெற்றவர் யார்? முன்பே புகார் இருந்ததா. இருந்தால் அதைத் தூங்கவைத்தவர் யார்? சொல்லப்பட்டது மன்றத்திலே மெய்ப்பிக்கப்பட்டதா, காவலர் சொன்னதா, கதைப்பவன் கற்பனையா? அந்த வழக்கு கடைசியில் என்ன ஆயிற்று? இந்த ஐந்துக்கும் விடையில்லாத செய்தி, செய்தியன்று, சிந்து! அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். செத்தவள் படத்தை உங்கள் கைப்பேசியோடு நிறுத்துங்கள். தேநீர்க்கடையிலே ஒருவன் ‘அவள் எப்படிப்பட்டவள் தெரியுமா’ என்று தொடங்கினால், ‘அவளைக் கொன்றவன் எப்படிப்பட்டவன், அதைச் சொல்’ என்று கேளுங்கள்.

அதோடு நின்றுவிடவும் வேண்டாம். எட்டுப் பக்கம் என்பது பாவப்பட்ட அளவன்று. மலிவுத் தாளும் எளிய நடையும் சந்தைக் குரலும் அறியாமைக்கே எழுதி வைக்கப்பட்ட சொத்தல்ல. மாதனூரிலும் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் படிப்பகம் நடத்தும் தோழர்கள், தம் ஊர்ச் சாவுகளைத் தாமே எழுதட்டும். தொட்டியில் மாண்டவர் பெயர், அவருக்கு வந்து சேரவேண்டிய தொகை, அது வந்ததா இல்லையா, பொறுப்பானவர் எந்தப் பதவியில் இருக்கிறார். மருமகள் சாவில் கோட்டாட்சியர் விசாரணை நடந்ததா, அறிக்கை எங்கே. சாதி கடந்து மணந்தவர் பாதுகாப்புக் கேட்டு எழுதிய மனுவுக்கு விடை என்ன. இவையெல்லாம் எட்டுப் பக்கத்திலே அடங்கும். விநாயகர் காப்பு வேண்டாம். உண்மை காப்பாக நிற்கும்.

சாவை விற்றுப் பிழைத்த காலம் போதும். சாவுக்குக் காரணம் கேட்கும் காலம் வரட்டும். விதி கொன்றது என்று எவன் பாடினாலும், விதியின் முகவரி எது, சாதி எது, சொத்து எவ்வளவு என்று கேட்போம். அந்தக் கேள்விக்கு முன்னே எந்தச் சிந்தும் மெட்டு மறந்து போகும்!